பாட்டிலை எதால் கழுவினாய்?

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் போடுகிறாயா, டப்பாவைத் திறந்து எண்ணிவிட்டு மூடி வைத்துவிடுகிறாயா?

சாம்பிள் பெட்டிக்குள் கடிதமா என்று திட்டாதே. வேன் எப்படியும் உன் லேபுக்குத்தானே வருகிறது. இங்கே பொறி பறக்கும் என்று போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. எழுத உட்கார்ந்தால் ஏதோ வருகிறது.

விஷயம் பதினேழாம் கிணற்றைப் பற்றி. இந்த எண்ணெய் வயலில் இன்னும் அடைக்காமல் இருக்கும் கடைசிக் கிணறு அதுதான். எட்டு வருடத்துக்கு முன்பு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று எழுதிப் பம்பைக் கழற்றிவிட்டார்கள். வருகிற ஏப்ரலில் சிமெண்டு ஊற்றி அடைக்கப் போகிறார்கள். அதை அடைத்தால் வயலையே மூடிவிடுவார்கள். அடைப்பதற்கு முன் மட்டம் அளந்து எழுத வேண்டும் என்பது விதி. போன வாரம் டேப்பை இறக்கினேன். எட்டு வருடம் முன்பு எண்ணெய் அறுநூற்று நாற்பது மீட்டர் ஆழத்தில் இருந்தது. இப்போது ஐநூற்று எண்பத்தெட்டில் நிற்கிறது. ஐம்பத்திரண்டு மீட்டர் ஏறியிருக்கிறது அக்கா! யாரும் ஊற்றவில்லை. இருபத்திரண்டு வருடமாக மட்டம் அளக்கிறேன், டேப் என்னிடம் பொய் சொன்னதில்லை.

எண்ணெய் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று பள்ளிக்கூடப் பாடம் படிக்கும்போது நீதான் என் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தாய். இப்போது என்ன சொல்கிறாய்? கீழே புதிதாக உருவாகி வருகிறதோ? ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பழையதா புதியதா என்று உன் கருவியில் போட்டுச் சொல். புது எண்ணெய் என்று வந்தால் வயலை மூட மாட்டோம் என்கிறார் மேனேஜர். பாட்டிலைத் தூசி தும்பு இல்லாமல் நானே கழுவி நிரப்பினேன்.

டேப் சுற்றும் உருளை உடைந்து கிடந்தது. எங்கள் வெல்டரம்மா பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். நாலு வருடம் முன்பு ஒப்பந்தத்தில் வந்தவர். முகமூடியைத் தூக்கினால்தான் பெண் என்றே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

முட்டி இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மாத்திரை போடுகிறேன், நம்பு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, டீயிலேயே வண்டி ஓடுகிறதா?

பாட்டில் வந்து சேர்ந்தது. ஐம்பத்திரண்டு மீட்டருக்குத் தலைகால் தெரியாமல் குதிக்காதே. கடற்கரை மணலில் பள்ளம் தோண்டி, ஊறிய தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் மறுபடி ஊறி நிற்குமே, அதற்காகக் கடல் புதிதாகப் பிறந்துவிட்டதா? பக்கத்து மணலில் இருந்ததுதான் மெல்ல வந்து சேருகிறது.

எண்ணெய் இன்றைக்கும் உருவாகிறதா என்று கேட்டால், உருவாகிறதுதான். கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களும் பாசியும் செத்து, சேற்றில் புதைந்து, கோடிக்கணக்கான வருடம் பூமிச் சூட்டில் வெந்தால் எண்ணெய். ஏதோ ஒரு கடலுக்கடியில் இப்போதும் வெந்துகொண்டுதான் இருக்கும். தட்டை வைத்துக்கொண்டு நாம் காத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது என் வழக்கமில்லை. பழைய சாம்பிள்கள் இருக்கும் அறையில் தேடினேன். மூன்றாவது தட்டில், ஒரு கிழிந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பதினேழின் பாட்டில் ஒன்று கிடைத்தது. இருபத்தாறு வருடம் முந்தையது. லேபிளைப் பூச்சி அரித்திருக்கிறது, எண் மட்டும் தப்பியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

வயல் மூடினால் உன்னை இங்கே லேபுக்கு மாற்றுவார்கள் என்று ஆபீசில் பேச்சு. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

பனியில் தலையை நனைக்காதே.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடற்கரைப் பள்ளத்தைக் கேண்டீனில் படித்துக் காட்டினேன். பெரிய ரகளை ஆகிவிட்டது. சமையல்காரர் கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "பூமிக்கும் வயிறு இருக்குய்யா. பசிச்சா சாப்பிடறோம், மறுபடி பசிக்குது. அதே மாதிரி எடுத்தா மறுபடி ஊறும். உங்க அக்கா படிச்சவங்க, அவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

வெல்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "ஊறுமா ஊறாதாங்கறதா கேள்வி? நீங்க எடுக்கற வேகத்துக்கு ஊறுமா, அதச் சொல்லுங்க. இந்த டீ கெட்டிலும்தான் தினமும் நிறையுது. இவரு குடிக்கற வேகத்துக்கு நிறையுதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் நாலாவது கிளாஸ் இருந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். எண்ணெய் எப்படியோ, எரிவாயுவை நாமே ஊறவைக்கலாமாம். அழுகிய காய்கறியை மூடிய தொட்டியில் போட்டால் சில வாரத்தில் வாயு வந்துவிடுமாம். ஒரு பேப்பரில் தொட்டியெல்லாம் வரைந்து காட்டினார். கோடு நேராக இருந்தது, ஸ்கேல் வைக்கவில்லை.

மாற்றல் பற்றி எழுதியிருந்தாய். எங்களுக்குக் கிடைக்கும். ஒப்பந்தக்காரர்களுக்குக் கிடையாது. வயல் மூடினால் அவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பொதுவாகச் சொன்னேன்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறேன். படியில் பார்த்து இறங்கு.

தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் இரண்டு நாளாக நிலைகொள்ளவில்லை.

ரிசல்ட் வந்துவிட்டது. இரண்டு எண்ணெயும் ஒன்றாக இல்லை.

எண்ணெய்க்கும் முகம் உண்டு. எங்கள் கருவி அதைக் கிராஃபாக வரைந்து தரும், சீப்பின் பற்கள் போல வரிசையாகக் கோடுகள் நிற்கும். பழைய பாட்டிலிலும் உன் பாட்டிலிலும் அந்த வரிசை இருக்கிறது. ஆனால் உன்னுடையதில் நடுவே ஒரு மேடு தனியாக ஏறி நிற்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே மேடு.

இருந்ததை இருந்தபடி எழுதி உங்கள் மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன்: "வேறுபாடு தெரிகிறது. இன்னொரு மாதிரி கிடைத்த பிறகே முடிவு சொல்ல முடியும்."

எனக்கு உறுத்துவது அந்த மேட்டின் வடிவம். இரண்டு பக்கமும் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முடிகிறது. பூமி இப்படி வெட்டி வைக்காது. சுத்திகரிப்பு ஆலைதான் வெட்டும். ஆகவே ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. பாட்டிலை எதால் கழுவினாய்?

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நூறு வயது இருப்பாய்!

மேனேஜர் உன் ரிப்போர்ட்டின் முதல் வரியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாவது வரியைப் படித்தாரா என்று தெரியவில்லை. சிமெண்டு வண்டியை ஜூலைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். கேண்டீனில் எல்லோருக்கும் இரண்டு முட்டை. சமையல்காரர், "உங்க அக்காவுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று சொல்லச் சொன்னார்.

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். வெல்டரம்மா பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. முகமூடியைத் தூக்கி, "நிஜமாவா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி இறக்கிக்கொண்டார். அவர் சுபாவம் அப்படி. இரும்பிடமே எந்நேரமும் பேசிக்கொண்டிருந்தால் மனிதரிடம் பேச்சு குறைந்துதான் போகும்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. எண்ணெய்த் தொட்டியின் படிகளைத் தொட முடியவில்லை. அங்கே எப்படி? மின்விசிறி சத்தம் போடுகிறது என்றாயே, ஆளைக் கூப்பிட்டாயா? எண்ணெய் விடச் சொல்.

தம்பி


ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

மின்விசிறி சரியாகிவிட்டது. முட்டி பரவாயில்லை. சமையல்காரருக்கு என் வணக்கம்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்டதற்கு ஒரு வரி இல்லை. இன்னொரு சாம்பிள் வேண்டும். சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, வெயிலில் கவிழ்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு நிரப்பு. காலி பாட்டில் நாலு இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

முதல் பாட்டிலை எதால் கழுவினாய்?

உன் கடிதங்களில் பதினேழாம் கிணற்றை விட வெல்டரம்மா அதிகமாக வருகிறார். குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டது, சொன்னேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

வேலை அதிகம். நடுவில் நாலு நாள் அடைமழை. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகியது, தகரம் வைத்து அடைத்தாயிற்று. அந்த மழையில் கிணற்றுப் பக்கம் போக முடியவில்லை. நீ அனுப்பிய பாட்டிலில் ஒன்று உடைந்துவிட்டது. மற்ற மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. சாம்பிள் அடுத்த வேனில், இல்லாவிட்டால் அதற்கடுத்த வேனில்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நாலு வேன் வந்து போய்விட்டது. உன் பெட்டி வரவில்லை.

இனி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன்.

உன் மாமா போய் மூன்று வருடமாகிறது. மகளும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டாள். பின் அறையில் நெடுநாளாகப் பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் கிடந்தன. உன் முதல் கடிதம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் வைத்து அந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். அப்போது பாட்டிலைத் திறக்கக்கூட இல்லை. பழைய எண்ணெய் என்று வர வேண்டும், வயலை மூட வேண்டும், உன்னை இங்கே மாற்ற வேண்டும், இதுதான் என் ஆசை. உன் ஜன்னலுக்குத் திரைத்துணி கூட எடுத்துவிட்டேன்.

அதனால்தான் மூன்று தடவை சோதித்தேன். என் ஆசை என் கண்ணை மறைத்துவிடுமோ என்று பயம். மேடு என் ஆசைக்கு எதிராக இருந்தது, அதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். முப்பது வருடமாக இந்தக் கை பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறது. கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கடைசி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். சாம்பிள் வராவிட்டால், "முடிவு சொல்ல இயலவில்லை" என்று எழுதுவேன். வயல் இன்னும் ஆறு மாதம் ஓடும். உன்மேல் எந்தப் பழியும் வராது. நீயே பார்த்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

டீசலால் கழுவினேன்.

இங்கே எதைக் கழுவினாலும் டீசல்தான். பட்டறை வாசலில் ஒரு டிரம் இருக்கிறது. ஸ்பானரா, அதில் முக்கு. செயினா, அதில் முக்கு. கையில் கிரீஸா, அதிலேயே அலம்பு. உனக்கு அனுப்பும் பாட்டில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று இரண்டு முறை அலசி, உதறிவிட்டு நிரப்பினேன். டீசல் எனக்குத் தண்ணீர் மாதிரி. அது அழுக்கு என்று தோன்றவே இல்லை. உன் கேள்வியைப் படித்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் எல்லோரும் முட்டை சாப்பிட்டுவிட்டார்கள்.

முட்டை ஒரு சாக்கு. வயல் மூடினால் வெல்டரம்மா போய்விடுவார். எங்கே போவார் என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. கிணறு ஊறிக்கொண்டே இருந்தால் நான் ஒன்றும் கேட்காமலே இருந்துவிடலாம். நாற்பத்தாறு வயதில் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். திரைத்துணி வரும் வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேனோ. மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீசலைச் சொன்னேன். ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் பற்றவைப்பதை நிறுத்தி, முகமூடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கிணறு மூடினா நான் போயிடுவேன்னு யாரு சொன்னது?"

"ஒப்பந்தம் முடிஞ்சிடுமே."

"முடியட்டும். சந்தைக்குப் பின்னால காய்கறிக் கழிவுல கேஸ் எடுக்க தொட்டி கட்டறாங்க. வெல்டிங் பூரா நான்தான். மார்ச்லயே பேசி முடிச்சாச்சு. படமெல்லாம் வரைஞ்சு காட்டினேனே, அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார்:

"மட்டம் அளக்க ஒரு ஆளு வேணும்னு கேட்டாங்க. உங்களச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க எண்ணெய் ஊறுது ஊறுதுன்னு குதிச்சுட்டு வந்து நின்னீங்க. சரி, இந்த மனுஷனுக்கு கெணறுதான் முக்கியம்னு விட்டுட்டேன்." அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: "மொதல்ல உங்க அக்காவுக்கு எழுதுங்க. பொய்ய வச்சுகிட்டு எங்கிட்ட வராதீங்க."

மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மெமோ கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

இதனுடன் புது சாம்பிள் வருகிறது. சோப்பு, மூன்று முறை, வெயில். பக்கத்தில் நின்று எண்ணியது யார் என்று உனக்கே தெரியும்.

என்னை மன்னித்துவிடு அக்கா.

தம்பி


ஜூன் 22

என் தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கப்புறம் நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மேடு இல்லை. பல்லுக்குப் பல் அதே பழைய முகம். ஊறியது உண்மைதான், உன் டேப் பொய் சொல்லவில்லை. பக்கத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது துளித்துளியாக வந்து சேர்ந்திருக்கிறது. எட்டு வருடத்தில் ஊறிய அந்த ஐம்பத்திரண்டு மீட்டரை உங்கள் பழைய பம்பு எவ்வளவு நேரத்தில் இறைக்கும் என்று கணக்குப் போட்டேன். நாலு மணி நேரம். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் காலி. வெல்டரம்மாவின் டீ கெட்டில் என் கடற்கரைப் பள்ளத்தை விட நல்ல விளக்கம் என்று அவரிடம் சொல். அந்தம்மா தொட்டியில் செய்யப் போகும் வாயு வேறு கதை. அழுகுவதற்குக் காய்கறி இருக்கும் வரை அது ஊறும்.

ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். இனி கிணற்றை அடைப்பார்கள். உனக்கு மாற்றல் உத்தரவு வரும். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழியிருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டால் கொஞ்ச நாள் அழுவேன், யாராவது கேட்டால் முட்டிவலி என்பேன். அறை இருக்கும். வெள்ளையடித்த அறை எங்கேயும் ஓடிப்போகாது. டீசலை நீ சொன்னாயே, அதுவே எனக்குப் போதும்.

உன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

அக்கா


ஆகஸ்ட் 19

(சாம்பிள் பெட்டியில் பஞ்சு சுற்றிய ஒரு பாட்டில். உள்ளே சுருட்டிய கடிதம். பாட்டிலின்மேல் ஒட்டியிருந்த லேபிள்:)

சாம்பிள்: கல்யாணச் செய்தி
எடுத்த இடம்: சந்தைக்குப் பின்புறம், வாயுத் தொட்டி அருகில்
அனுப்பியவர்: மட்டம் அளப்பவர்
கழுவிய விதம்: சோப்புத் தண்ணீர். மூன்று முறை. வெயிலில் காய்ந்தது.
சரிபார்த்தவர்: வெல்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இப்படி எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பதினேழை அடைத்துவிட்டார்கள். கடைசி அளவை நானே எடுத்தேன். வேலை முடிந்ததும் டேப்பைத் துடைத்துச் சுற்றி மேனேஜரிடம் கொடுத்தேன். "நீயே வச்சுக்கய்யா" என்றுவிட்டார்.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புது வேலையில் சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. பழைய எண்ணெய்த் தொட்டியைத்தான் வெல்டரம்மா வெட்டி ஒட்டி வாயுத் தொட்டியாக்கியிருக்கிறார். தினமும் காலையில் மட்டம் பார்க்கிறேன். நேற்று எரித்தது இன்றைக்கு மறுபடி நிறைந்திருக்கிறது. நாற்றம் மட்டும் தாங்க முடியவில்லை. உன் தம்பி ஒருவழியாகத் தீராத கிணற்றைப் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். பார்த்ததை மட்டும் எழுதுகிற கைதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். வயல் சாமான்களை ஏற்றி முடிக்கும்வரை சாம்பிள் வேன் ஓடும், அதில் முன் சீட் உனக்கென்று டிரைவரிடம் சொல்லிவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் பத்து நாள் உன் வீட்டில்தான். பின் அறைத் திரைத்துணி என்ன நிறம் என்று கேட்கச் சொன்னார்.

தம்பி


ஆகஸ்ட் 23

ஆய்வறிக்கை

பெறப்பட்ட மாதிரி: ஒன்று.
திறந்த நேரம்: காலை பத்து மணி. மூன்று முறை படிக்கப்பட்டது.
முடிவு: கலப்பு எதுவும் இல்லை.
குறிப்பு: ஆய்வாளரின் கண்ணிலிருந்து ஓரிரு துளி நீர் மாதிரியில் விழுந்துவிட்டது. அதற்கு முட்டிவலி காரணமல்ல.

திரைத்துணி பச்சை. வேனில் முன் சீட்டில் வருகிறேன்.

அக்கா